விலா எலும்புகளை எண்ணிப் பாருங்கள்

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன, மனித உடற்கூறியலையும் உடல்நலத்தையும் கிறிஸ்தவப் பார்வையில் படிக்க நல்ல புத்தகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கவலை கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று ஞாயிறு பள்ளியில் கற்றதை வகுப்பில் சொன்னீர்கள், ஆசிரியர் மறுத்தார். வீட்டுக்கு வந்து கேட்டபோது, "வேதத்தைவிட அவர்கள் பெரியவர்களா?" என்று பாட்டி வருந்தினார். புத்தகத்தின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடலை அறுத்துப் படிக்கும் மேசைமேல் கண்ணால் காண்பதும் சிறுவயது முதல் நம்பியதும் மோதினால் எதன் பக்கம் நிற்பது என்பதுதானே உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?

நான் இருபத்தாறு ஆண்டுகள் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்கிறவன். எலும்பையும் தசையையும் நரம்பையும் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். இறையியல் நான் முறையாகக் கற்றதல்ல. எபிரேயச் சொற்களைப் பற்றி நான் சொல்வது அம்மொழி அறிந்தவர்களிடம் கேட்டறிந்தது. வேதத்தின் பொருளைப் பற்றிச் சொல்வதை ஒரு விசுவாசியின் வாசிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் விலா எலும்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பன்னிரண்டு ஜோடிகள், ஆக இருபத்துநான்கு. இதில் ஐயத்துக்கே இடமில்லை. சிலருக்குக் கழுத்து முள்ளெலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா முளைத்திருக்கும், மிகச் சிலருக்கு ஒரு ஜோடி குறையும். ஆனால் அந்த வேறுபாடு ஆண், பெண் இரு பாலாரிடமும் காணப்படுவது. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் உருவாக்கப்பட்டாள் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஆதாமின் பிள்ளைகளுக்கும் ஒரு விலா குறையும் என்று அது எங்குமே சொல்லவில்லை. ஆலை விபத்தில் விரலை இழந்த தகப்பனுக்குப் பிறக்கும் குழந்தை பத்து விரல்களோடுதானே பிறக்கிறது? மேலும், அங்கே விலா என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல்லுக்குப் 'பக்கம்' என்றும் பொருளுண்டு. யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் பக்கங்களைக் குறிக்கவும் அதே சொல்தான் வருகிறது. உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர் சொன்னது வேதத்தின் வார்த்தை அல்ல, வேதத்தின் மேல் யாரோ ஏற்றிவைத்த கூடுதல் கணக்கு. அதை மறுத்த பேராசிரியர் வேதத்தை மறுக்கவில்லை.

இதே கணக்கை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் திருத்திவிட்டார். ஆந்திரேயாஸ் வெசாலியஸ், 1543ஆம் ஆண்டு பாசல் நகரில் அச்சான தம் பெரிய உடற்கூறியல் நூலில், ஆணுக்கு விலா எலும்பு குறைவு என்ற நம்பிக்கை தவறு என்று வெளிப்படையாகவே எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அவர் அதிகமாகத் திருத்தியது கிரேக்க மருத்துவர் கேலனைத்தான். கேலன் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் அதை ஒப்பித்தது. ஒரு மனிதத் தாடையைக் கையிலெடுத்தால் அது ஒரே எலும்பு என்பது தெரிந்துவிடும். எடுத்துப் பார்த்தவர்களும்கூடக் கேலன் சொன்னதையே நம்பினார்கள் என்பதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. பெரியவர் சொன்னதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு பார்க்கும் பழக்கம் ஆலயத்துக்குள் மட்டும் இருப்பதல்ல. வெசாலியஸ் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்று திரும்பும் வழியில் 1564இல் கிரேக்கத் தீவொன்றில் இறந்தார்.

திருச்சபை சடலத்தை அறுப்பதைத் தடை செய்திருந்தது என்று நீங்கள் வகுப்பிலேயே கேள்விப்படலாம். 1299இல் போப் எட்டாம் போனிபாஸ் ஓர் ஆணை பிறப்பித்தது உண்மை. அயல்நாட்டில் இறந்தவர்களின் எலும்பை ஊருக்குக் கொண்டுபோவதற்காக உடலைத் துண்டாக்கிக் கொதிக்க வைக்கும் வழக்கத்தைத்தான் அது கண்டித்தது. அதைச் சிலர் உடற்கூறாய்வுக்கும் நீட்டிப் புரிந்துகொண்டதுண்டு. ஆனால் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1315 வாக்கில், இத்தாலியின் பொலோஞாவில் மொந்தீனோ என்ற ஆசிரியர் மாணவர் முன்னிலையில் மனித உடலை அறுத்துக் காட்டினார். பிறகு அது அங்கே பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆனது. மறுபுறம், நுரையீரல் வழியாக ரத்தம் சுற்றி வருவதை 1553இல் எழுதிய மிகுவெல் செர்வேதுஸ் அதே ஆண்டு ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் கொல்லப்பட்டது திரித்துவத்தை மறுத்ததற்காக, ரத்த ஓட்டத்துக்காக அல்ல. என்றாலும் கிறிஸ்துவின் பெயரால் ஒரு மனிதர் எரிக்கப்பட்டார் என்பதை மறைத்துக்கொண்டு நம் வரலாற்றைப் பெருமை பேச எனக்கு மனம் வருவதில்லை. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதே நுரையீரல் சுற்றை இஸ்லாமிய மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் எழுதிவிட்டார் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இனி, வேதத்தை உடற்கூறியல் நூலாகப் படிக்கலாமா என்பது. கூடாது என்பது என் முடிவு. காரணம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. "நீர் என் உள்ளிந்திரியங்களைக் கைக்கொண்டிருக்கிறீர்" என்று 139ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். அங்கே உள்ள எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் சிறுநீரகங்கள். கர்த்தர் இருதயத்தை ஆராய்ந்து உள்ளிந்திரியங்களைச் சோதிக்கிறார் என்று எரேமியா சொல்லும் இடத்திலும் அதே சிறுநீரகம்தான். அக்கால எபிரேயர் மனிதனின் ஆழ்ந்த எண்ணங்களும் மனச்சாட்சியும் அங்கே குடியிருப்பதாகப் பேசினார்கள், சிந்தனையை இருதயத்தில் வைத்தார்கள். தமிழில் நாமும் 'நெஞ்சு அறிய', 'வயிறு எரிகிறது' என்றெல்லாம் பேசுகிறோம். அதைக் கேட்டு யாரும் இரைப்பையைத் திறந்து பார்ப்பதில்லை. சங்கீதக்காரனின் வியப்பு உண்மையானது, அதை வைத்துச் சிறுநீரகத்தின் வேலை என்ன என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. தேவன் அந்த மக்கள் பேசிய மொழியில்தான் அவர்களோடு பேசினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

உடலை உடலிலிருந்துதான் படிக்க வேண்டும். இதைத் தமிழர்களுக்குக் கற்பித்தவரும் ஒரு மிஷனரிதான். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், தமிழ் கற்றார், பிறகு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய தமிழ் நூல்களில் உடற்கூறியலுக்கு 'அங்காதிபாதம்' என்ற சொல் நிற்கிறது, உடலியங்கியலுக்குச் 'சுகரணவாதம்', உடலைப் பேணும் முறைக்கு 'உற்பாலனம்'. உடற்கூறையும் உடல்நலத்தையும் சேர்த்துப் படிக்கலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, இந்த மூன்றையும் ஒரே நூலின் பெயரில் அடுத்தடுத்து வைத்தவர் அவர். வேதத்திலிருந்து எலும்புக் கணக்கு எடுக்க அவர் முயலவில்லை. அக்காலத்தின் நம்பகமான ஆங்கிலப் பாடநூல்களை எடுத்து மொழிபெயர்த்தார். அமெரிக்காவில் உள்ள அவருடைய கல்லறையில் 'தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருள்படப் பொறித்திருக்கிறார்கள். கிறிஸ்தவப் பார்வையில் உடற்கூறியல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மொழிபெயர்ப்புத் தாள்கள்தான்: துல்லியமான பாடம், ஏழை நோயாளியின் மொழியில்.

உங்கள் கைப்பேசிக்கு வேறு வகைப் பாடங்களும் வந்து சேரும். லாமினின் என்ற புரதம் சிலுவை வடிவில் இருக்கிறது, ஆகவே நம்மைத் தாங்குவது சிலுவையே என்று ஒரு செய்தி சுற்றுகிறது. லாமினின் செல்களுக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்தில் இருக்கும் முக்கியமான புரதம் என்பது சரி. பாடநூலில் அதைச் சிலுவைபோல் வரைவதும் சரி. ஆனால் அது வளையும் கைகளை உடைய மூலக்கூறு. நுண்ணோக்கியில் பல வடிவங்களில் தெரியும். சிலுவைபோல் தெரியாத ஆயிரம் புரதங்களை என்ன செய்வது? நம் விசுவாசத்தை ஒரு வரைபடத்தின் மேல் நிறுத்தினால், வரைபடம் மாறும் நாளில் அதுவும் ஆடும்.

படைப்பின் நேர்த்தியைச் சொல்லும் வாதங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. குரல்வளைக்குச் செல்லும் ஒரு நரம்பை விரைவில் நீங்கள் படிப்பீர்கள். இடப்பக்கத்தில் அது கழுத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறிக் குரல்வளையை அடைகிறது. சில அங்குலத் தூரத்துக்கு இத்தனை நீளச் சுற்று! ஒட்டகச்சிவிங்கியில் அந்தச் சுற்று பல அடி நீளும். கருவில் இதயமும் தமனிகளும் கழுத்துப் பகுதியில் தோன்றிப் பின் கீழே இறங்கும்போது, இந்த நரம்பையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் இப்படி ஆகிறது. நேர்த்தியான வடிவமைப்பு என்று மட்டுமே பேசிப் பழகிய மாணவர் இதைக் கண்டு திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பரிணாமத்தைப் பற்றி உங்கள் சபை என்ன போதித்தாலும், இந்த நரம்பின் பாதையை உள்ளபடி படியுங்கள். தைராய்டு அறுவையின்போது அதை வெட்டிவிட்டால் நோயாளியின் குரல் கெட்டுவிடும். என் விசுவாசம் இந்த நரம்பால் குறையவில்லை. உலகம் உருவான விதம் நான் எதிர்பார்த்தபடி இருக்க வேண்டும் என்று கேட்பதை நான் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்படியானால் விசுவாசத்துக்கு இந்தப் படிப்பில் இடமே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல வழி பால் பிராண்டின் வேலையைச் சொல்வதுதான். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த கைகளை வரிசையாகக் கண்டார். ஒரு நோயாளியிடம் தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலற்றது என்று எல்லோரும் நினைத்த அந்தக் கை அவர் கை வலிக்கும்படி இறுக்கியது. முன்கையின் பெரிய தசைகள் முழு வலுவோடு இருக்கின்றன, உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டும்தான் செத்திருக்கின்றன என்பது அந்தக் கணத்தில் புலப்பட்டது. பிறகு இறந்த ஒரு நோயாளியின் நரம்புகளை நெடுகக் கூறிட்டுப் பார்த்தார். முழங்கையை ஒட்டி, தோலுக்கு நெருக்கமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் இடங்களில்தான் நரம்பு வீங்கிக் கெட்டிருந்தது. அதற்கு மேலேயே நரம்பைப் பெற்றுவிடும் தசைகள் தப்பித்துவிடுகின்றன. தப்பித்த தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிற்றை, இடம் மாற்றிச் செத்த தசையின் வேலையைச் செய்ய வைத்தார். விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்பதையும் அவரும் உடனிருந்தவர்களும் பொறுமையாகத் தேடினார்கள். தசை தானாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள் குத்தியதோடு நடக்கிறார்கள், காயம் பெருகுகிறது. இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிப்பதுகூடத் தெரியவில்லை. வலி ஒரு காவல் என்பதை நான் இந்த வரலாற்றிலிருந்துதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இங்கே நம் வேத மொழிபெயர்ப்பு செய்த ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். லேவியராகமத்தில் 'குஷ்டரோகம்' என்று வருவது வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும்கூடத் தோன்றும் ஒன்று. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்த கிருமியால் வரும் தொழுநோய் சுவரில் வராது. இரண்டும் ஒன்றல்ல என்றே அறிஞர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லால், தீட்டு என்றும் தண்டனை என்றும் எத்தனை நோயாளிகள் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்! பிராண்ட் அந்தக் கைகளைத் தொட்டுப் பிடித்தார். அந்தக் கையைப் பிடிக்க விசுவாசம் அவரைத் தூண்டியது. எந்த நாணை எங்கே தைப்பது என்பதை உடற்கூறியல் சொன்னது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முயலவில்லை.

உங்கள் மேசைமேல் கிடப்பவரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அறுப்பது பாவமா என்று. பெரும்பாலான திருச்சபைகள் இதைப் பாவமாகக் கருதுவதில்லை. ஆய்வுக்காக உடலைக் கூறிடுவதைக் கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டிலேயே அனுமதித்திருக்கிறார்கள், இறந்தபின் உறுப்பைக் கொடையாகத் தருவதைப் பாராட்டியும் இருக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் கேட்டதை நான் இலேசாகத் தள்ள மாட்டேன். விருப்பத்தோடு உடலைத் தானம் செய்தவர்கள் உண்டு. உரிமை கோர யாருமின்றி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, பெரும்பாலும் ஏழைகள். தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதன் என்பதை நாம் நம்புவது உண்மையானால், அது சோதிக்கப்படும் முதல் இடம் அந்த மேசைதான். என் வகுப்பில் முதல் நாள் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். படம் எடுக்கவோ, பட்டப்பெயர் வைக்கவோ நான் விட்டதில்லை. அறுக்காத பகுதியை ஈரத் துணியால் மூடி வைக்கச் சொல்வேன். அது சடலம் உலராமல் இருக்கவும் தேவை, மரியாதைக்கும் தேவை. வேறு மதத்தைச் சேர்ந்த மாணவர்களும் மதமே வேண்டாம் என்ற மாணவர்களும் என் வகுப்பில் இதைவிட அதிகக் கனிவோடு நடந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் இது நமக்கு மட்டும் உரிய பண்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் நம் சபைகளில் உறுதியானதும் ஊகமானதும் அதிகமாகக் கலந்து கிடக்கின்றன. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற பவுலின் வார்த்தையை உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் அங்கே பேசுவது விபசாரத்தைப் பற்றி. உடலைப் பேணவும் அதை நீட்டிக்கொள்வது தவறில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நீட்டுகிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். தானியேல் பத்து நாள் மரக்கறி உண்டதை எடையைக் குறைக்கும் முறையாக விற்கிறார்கள். அவர் அரசனின் உணவால் தம்மைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மறுத்தார், அதன் முடிவிலும் அவர் மெலியவில்லை, முகம் களையாகிப் புஷ்டியானார் என்றே வசனம் சொல்கிறது. கலிபோர்னியாவில் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையாரில் ஏறத்தாழ 34,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மற்ற வெள்ளையரைவிட ஆண்கள் சராசரியாக 7.3 ஆண்டுகளும் பெண்கள் 4.4 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்வதாகக் காட்டியது. புகைக்காமை, காய்கறி உணவு, உடற்பயிற்சி, சரியான எடை ஆகியவற்றோடு அந்த வேறுபாடு பெரிதும் பொருந்துகிறது. யாருடைய ஜெபம் எவ்வளவு ஆயுளைக் கூட்டியது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜெபம் இருந்தால் மருந்து வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நோயாளியையும் கேட்க விடாதீர்கள். எங்கள் உறவில் ஒரு பையன், பதினேழு வயது, சிறுவயது முதல் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு கூட்டத்தில் சுகம் கிடைத்துவிட்டது என்று சொல்லி நிறுத்தினார்கள். நான்காம் நாள் மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். பிழைத்தான், மயிரிழையில். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளைக் கூட்டித் தருவதாகச் சொன்ன அதே ஏசாயாதான் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்று அழைத்தார், தொழிலை விட்டுவிட்டவன் என்று அல்ல. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு மறுத்ததையும் வார்டில் மறக்காதீர்கள். நோயாளியின் படுக்கையருகே அந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

உங்கள் தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கேள்வியை எழுதியிருக்கிறீர்கள். சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவிடம் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

புத்தகத்துக்கு வருகிறேன். உங்கள் துறையில் எந்த நூலைச் சொல்கிறார்களோ அதையே படியுங்கள், பக்கத்து இருக்கையில் இருப்பவர் படிக்கும் அதே நூலை. விடுமுறைக்குப் போகும்போது பாட்டியின் அருகில் உட்காருங்கள், அப்பாவையும் கூப்பிடுங்கள். முதல் விலா கழுத்தடியிலுள்ள காறை எலும்புக்கு அடியில் மறைந்திருக்கும், கைக்கு எளிதில் அகப்படாது. மார்பெலும்பின் மேற்பகுதியில் ஒரு மேடு தட்டுப்படும், இரண்டாவது விலா அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து கீழே எண்ணுங்கள். பதினொன்றும் பன்னிரண்டும் முன்புறம் வரை வராது, முதுகுப் பக்கம் மெதுவாக அழுத்தித் தேட வேண்டும். அப்பாவுக்கு எண்ணும்போது பாட்டியின் விரலைப் பிடித்து அவரையே எண்ணச் சொல்லுங்கள்.